பூனையின் உடம்பு ரெட்ரோவைரஸை எப்படி எதிர்க்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவர் பரிசோதனைப் பட்டையைக் காட்டி "பாசிட்டிவ்" என்று சொன்னதும், பூனை வளர்ப்பவர் முதலில் கேட்பது "பிழைக்குமா?" என்றுதான். நாலு நாள் கழித்து மனம் கொஞ்சம் ஆறிய பிறகு இன்னொரு கேள்வி வரும்: "இதன் உடம்பு அதை எதிர்க்கவே எதிர்க்காதா?" இந்தப் பக்கம் அந்த இரண்டாவது கேள்விக்காக எழுதியது. எதிர்க்கிறது. நாம் நினைப்பதைவிடப் பழைய, நுட்பமான ஆயுதங்களோடு எதிர்க்கிறது. ஆனால் அந்த ஆயுதக் கிடங்கில் ஒன்றிரண்டு முக்கியமான கருவிகள் உடைந்து கிடக்கின்றன. எது வேலை செய்கிறது, எது உடைந்திருக்கிறது, எதை வைரஸ் ஏமாற்றக் கற்றுக்கொண்டது என்று தெரிந்தால் இந்த நோய்கள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்பது புரியத் தொடங்கும்.

ரெட்ரோவைரஸ் என்றால் என்ன? பூனைகளுக்கு எவை வருகின்றன?

பொதுவாக மரபுச் செய்தி டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏவுக்குப் போகும். ரெட்ரோவைரஸ் அதைத் திருப்பிப் போடுகிறது. தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக எழுதி, அந்த டிஎன்ஏவைப் பூனையின் குரோமோசோமுக்குள்ளேயே செருகிவிடுகிறது. அதன்பின் அது வெளியிலிருந்து வந்த விருந்தாளி இல்லை. அந்த செல்லின் சொந்த மரபணுபோல் உட்கார்ந்துவிடும். செல் பிரியும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து பிரதியாகும்.

பூனைகளில் நாம் கவலைப்படுவது இரண்டைப் பற்றி. ஒன்று பூனை ரத்தப்புற்று வைரஸ், சுருக்கமாக ஃபெல்வி. ஒரே வீட்டுப் பூனைகளுக்குள் அடுத்தடுத்து லிம்ஃபோமா என்ற நிணத்திசுப் புற்று வந்ததைக் கவனித்து, கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட்டும் அவருடைய குழுவினரும் 1964-இல் இதைக் கண்டறிந்தார்கள். மற்றொன்று எஃப்ஐவி, அதாவது பூனை நோயெதிர்ப்புக் குறைபாட்டு வைரஸ். கலிஃபோர்னியாவில் நீல்ஸ் பெடர்சனும் ஜேனட் யமமோட்டோவும் 1986-இல் இதைப் பிரித்தெடுத்தார்கள். மூன்றாவதாக ஃபோமி வைரஸ் ஒன்றும் உண்டு. பல பூனைகளில் ஆயுள் முழுக்க இருந்தும் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் செய்யாது. ஆனால் கீழே ஓரிடத்தில் அதன் பெயர் வரும், மறந்துவிடாதீர்கள்.

இயல்பு நோயெதிர்ப்பு என்று எதைச் சொல்கிறோம்? தடுப்பூசி தருவது அதைத்தானா?

இல்லை. தடுப்பூசி பயிற்றுவிப்பது பெறப்பட்ட நோயெதிர்ப்பை: எதிரியின் முகத்தைப் பார்த்து, நினைவில் வைத்து, அதற்கென்றே எதிர்ப்புரதங்களையும் டி-செல்களையும் உருவாக்கும் படை. அது தயாராகச் சில நாட்கள், சில வாரங்கள்கூட ஆகும். இயல்பு நோயெதிர்ப்பு என்பது பிறக்கும்போதே கூட வருவது. எதிரியை இதற்குமுன் பார்த்திருக்க வேண்டியதில்லை. சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும்.

இதை மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்க்கலாம். விழுங்கும் செல்களும் இயற்கைக் கொல்லி செல்களும் ஒன்று. "உள்ளே யாரோ வந்திருக்கிறார்கள்" என்று அறிந்து அபாயச் சங்கு ஊதும் ஏற்பாடு இன்னொன்று. மூன்றாவதுதான் ரெட்ரோவைரஸ்களைப் பொறுத்தவரை மிகச் சுவையானது: ஒவ்வொரு செல்லுக்குள்ளும் வைரஸின் வாழ்க்கைச் சுற்றில் ஒரு குறிப்பிட்ட படியில் மட்டும் குறுக்கே நிற்கும் தனித்தனிப் புரதங்கள். இவற்றைத் தடுப்புக் காரணிகள் என்கிறார்கள். இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி அவற்றைப் பற்றித்தான்.

வைரஸ் நுழைந்தது செல்லுக்கு எப்படித் தெரியும்?

இருக்கக்கூடாத இடத்தில் இருக்கக்கூடாத பொருள் தென்பட்டால். விழுங்கிய பொருளைச் செரிக்கும் பைகளுக்குள் வைரஸின் ஆர்என்ஏ இருந்தால் டிஎல்ஆர்7 என்ற உணரி அதைப் பிடிக்கும். டிஎன்ஏ செல்லின் உட்கருவுக்குள் இருக்க வேண்டியது. அது உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் மிதந்தால் சி-கேஸ் என்ற உணரி கண்டுகொள்ளும். ரெட்ரோவைரஸ் தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக எழுதியே ஆக வேண்டும் என்பதால் இந்த இரண்டாவது வலையில் சிக்கும் அபாயம் அதற்கு எப்போதும் உண்டு.

உணரி தட்டப்பட்டதும் செல் இன்டர்ஃபெரானைச் சுரக்கும். 1957-இல் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் பெயரிட்ட புரதக் குடும்பம் இது. இன்டர்ஃபெரான் தானாக எந்த வைரஸையும் கொல்வதில்லை. பக்கத்து செல்களின் கதவைத் தட்டி, "ஆயத்தமாகுங்கள்" என்று சொல்லும். கேட்ட செல்கள் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். கீழே வரும் தடுப்புக் காரணிகளில் பல அப்படி முடுக்கப்படுபவையே.

ஏபோபெக்3 என்று படித்தேன். அது என்ன செய்கிறது?

மேலே சொன்ன தடுப்புக் காரணிகளில் ஒன்று. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த மூலக்கூறு இது. இது வைரஸை நேரே நின்று அடிப்பதில்லை; அதன் கடிதத்தில் எழுத்தை மாற்றிவிடுகிறது.

நோயுற்ற செல்லில் புதிய வைரஸ் துகள்கள் கட்டப்படும்போது ஏபோபெக்3 அந்தத் துகளுக்குள் சத்தமில்லாமல் ஏறிக்கொள்ளும். துகள் அடுத்த செல்லுக்குப் போகும்வரை சும்மா இருக்கும். அங்கே வைரஸ் தன் ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏவின் முதல் இழையை எழுதும் நேரத்தில் வேலையைத் தொடங்கும். அந்த இழையில் சைட்டோசின் என்ற எழுத்துகளை யுராசில் என்ற வேறு எழுத்தாக மாற்றிக்கொண்டே போகும். இரண்டாவது இழை எழுதப்படும்போது, குவானின் வரவேண்டிய இடத்திலெல்லாம் அடினின் வந்து உட்காரும். ஒன்றிரண்டு பிழை என்றால் வைரஸ் தாங்கிக்கொள்ளும், சில சமயம் அதனால் லாபம்கூட அடையும். இங்கே விழுவது பத்து, இருபது, அதற்கும் மேல். புரதம் எழுதும் வரி நடுவிலேயே அறுந்துபோகும். வைரஸ் குரோமோசோமில் செருகிக்கொண்டாலும் அதனால் பிள்ளை பெற முடியாது.

மனிதர்களுக்கு இந்தக் குடும்பத்தில் 7 மரபணுக்கள். பூனைக்குக் கணக்கு வேறு. 2008-இல் கார்ஸ்டன் மூங்க் குழுவினர் காட்டியபடி, வீட்டுப் பூனையில் சி வகை மரபணு மூன்றும் ஹெச் வகை ஒன்றும் இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு மரபணுக்களை ஒரே மூச்சில் வாசித்து, சி-ஹெச் என்ற இரட்டைப் புரதத்தையும் பூனையின் செல் செய்துகொள்கிறது. இருக்கிற கையளவு மரபணுக்களை வைத்து ஒரு கூடுதல் ஆயுதம்.

இவற்றுக்குள் வேலைப் பிரிவினையும் உண்டு. சி வகை ஃபோமி வைரஸுக்கு எதிராக வலுவானது. ஹெச் வகையும் சி-ஹெச் இரட்டையும் எஃப்ஐவிக்கு எதிராக வலுவானவை.

அவ்வளவு வலுவானது என்றால் எஃப்ஐவி எப்படித் தப்பிக்கிறது?

விஃப் என்ற புரதத்தால். நோயுற்ற செல்லுக்குள் விஃப் ஒரு கையால் ஏபோபெக்3-ஐயும் மறு கையால் செல்லின் குப்பை அகற்றும் இயந்திரத்தையும் பிடித்து ஒன்றுசேர்க்கிறது. "இது பழுதான புரதம், அழித்துவிடு" என்று முத்திரை விழுகிறது. புதிய துகளில் ஏறுவதற்குமுன் ஏபோபெக்3 சிதைக்கப்பட்டுவிடுகிறது. ஆய்வகத்தில் விஃப் இல்லாத எஃப்ஐவியைச் செய்து பார்த்தால், பூனையின் ஏபோபெக்3 அதை ஏறக்குறைய முடக்கிப்போடுகிறது. ஆயுதம் மழுங்கவில்லை, ஆயுதம் தூக்கிய கை கட்டப்பட்டிருக்கிறது.

ஃபோமி வைரஸுக்கு விஃப் கிடையாது. அதற்குப் பதில் பெட் என்ற புரதம் வைத்திருக்கிறது. பெட் ஏபோபெக்3-ஐ அழிப்பதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு துகளில் ஏறவிடாமல் செய்கிறது. இரண்டு வைரஸ்கள் ஒரே பூட்டுக்கு இரண்டு வேறு வழி கண்டுபிடித்திருக்கின்றன. பூனையின் முன்னோர்களுக்கு இந்தப் பூட்டு எவ்வளவு முக்கியமானதாக இருந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

எல்லாப் பூனைகளுக்கும் ஒரே ஏபோபெக்3 தானா?

இல்லை. ஹெச் வகையில் பூனைக்குப் பூனை சிறு மாறுபாடுகள் உள்ளன. அவற்றில் ஒரு வடிவத்தில் 65-ஆவது இடத்திலுள்ள அமினோ அமிலம் மாறியிருக்கிறது. சில எஃப்ஐவி வகைகளின் விஃப் அதைப் பிடித்து அழிக்கத் திணறுகிறது. வேறு சில வகைகள் அதையும் அழித்துவிடுகின்றன. ஒரே ஒரு எழுத்து மாற்றத்தின் மேல் நடக்கும் இழுபறி இது.

இதை வைத்து "என் பூனைக்கு எந்த வடிவம் என்று பார்க்க முடியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆய்வகக் கேள்வியாக அது நல்ல கேள்வி. சிகிச்சையை அதை வைத்துத் தீர்மானிக்கும் நிலை இல்லை.

ஆய்வகத் தட்டுக்கு வெளியே, உயிருள்ள பூனையில் இது நடக்கிறது என்பதற்குச் சான்று உண்டா?

உண்டு. பூமா என்ற அமெரிக்கப் பெரிய காட்டுப் பூனைக்கென்று ஒரு எஃப்ஐவி இருக்கிறது. அந்த வைரஸை வீட்டுப் பூனைகளுக்குச் செலுத்திப் பார்த்த ஆய்வுகளில், தொற்று பிடித்தது. ஆனால் பூனைகள் பெரிதாக நோயுறவில்லை. வைரஸின் மரபணுக்களை வாசித்துப் பார்த்தபோது குவானின் இருக்க வேண்டிய இடங்களில் கூட்டம் கூட்டமாக அடினின் இருந்தது. ஏபோபெக்3-இன் கைரேகை அது. பூமாவின் செல்லோடு பழகிய வைரஸ் வீட்டுப் பூனையின் செல்லுக்குள் வந்ததும் எழுத்துப் பிழைகளில் மூழ்கிப்போனது.

எதிர்த்திசையில் கதை வேறு. வீட்டுப் பூனையின் எஃப்ஐவி வைத்திருக்கும் விஃப், பல காட்டுப் பூனையினங்களின் ஏபோபெக்3-ஐயும் அழிக்கும் திறன் உள்ளது என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். அருகி வரும் காட்டுப் பூனைகள் வாழும் இடங்களில் வீட்டுப் பூனைகளைக் கட்டுப்பாடின்றித் திரியவிடக் கூடாது என்று சொல்பவர்களோடு நான் சேர்ந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடைந்து கிடக்கும் கருவி என்றீர்களே, அது எது?

டிரிம்5. குரங்கினங்களிலும் மனிதர்களிலும் வைரஸ் செல்லுக்குள் நுழைந்த உடனே, அதன் புரதக் கூடு கழலும்முன், அந்தக் கூட்டின் மேல் வலைபோல் படிந்து அதை அகாலத்தில் உடைத்துவிடும் புரதம் டிரிம்5-ஆல்ஃபா. ரீசஸ் குரங்குக்கு எச்ஐவி பிடிக்காமல் போவதற்கு இதுவே பெரிய காரணம் என்று 2004-இல் தெரியவந்தது.

பூனையிலும் டிரிம்5 மரபணு இருக்கிறது. ஆனால் அதன் நடுவே நிறுத்தக் குறி ஒன்று விழுந்துவிட்டது. வைரஸ் கூட்டைத் தொட்டு அடையாளம் காணும் வால்பகுதி எழுதப்படுவதேயில்லை. கைப்பிடி இருக்கிறது, அரிவாள் இல்லை. 2009-இல் வெளியான ஆய்வு, இந்த முறிவு வீட்டுப் பூனையில் மட்டுமில்லை, பூனை சார்ந்த விலங்குக் கிளை முழுவதிலும் இருப்பதைக் காட்டியது. அப்படியானால் இது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே நடந்த இழப்பு. நாய்களிலும் இதே மரபணு வேறொரு விதத்தில் உடைந்திருக்கிறது.

அந்தப் பழங்காலத்தில் இந்தக் கருவியை இழந்ததால் அந்த விலங்குகளுக்குக் கேடு வரவில்லை போலும். வந்திருந்தால் இழப்பு நிலைத்திருக்காது. பின்னால் வந்த வைரஸ்களுக்குத்தான் அது திறந்த வாசலாகிப்போனது.

உடைந்ததைச் சரிசெய்து பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். 2011-இல் மேயோ கிளினிக்கில் எரிக் போஷ்லாவின் குழு, ரீசஸ் குரங்கின் டிரிம்சிப் என்ற, டிரிம்5-ஐ ஒத்த தடுப்புக் காரணியின் மரபணுவைப் பூனையின் முட்டை செல்லில் சேர்த்தது. மரபணு ஏறியதா என்று கண்ணாலேயே தெரிய, பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவையும் உடன் சேர்த்தார்கள். பிறந்த குட்டிகள் நீல ஒளியில் பச்சையாக ஒளிர்ந்தன. செய்தித்தாள்கள் அந்தப் பச்சை நிறத்தை மட்டும் பிடித்துக்கொண்டன. உண்மையான செய்தி வேறு: அந்தப் பூனைகளிடமிருந்து எடுத்த வெள்ளணுக்களில் எஃப்ஐவி சரியாகப் பெருகவில்லை.

வீட்டுப் பூனைகளுக்கு இப்படி மரபணு மாற்றிவிடலாம் என்பது இந்த ஆய்வின் நோக்கமும் இல்லை, நடைமுறையும் இல்லை. ஒரே ஒரு காணாமற்போன புரதம் எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்கிறது என்பதை உயிருள்ள விலங்கில் காட்டியதுதான் அதன் மதிப்பு.

டெதரின் என்பது?

வைரஸ் வெளியேறும் வாசலில் நிற்கும் காவல். புதிய துகள் செல்லின் மேல்சவ்வைப் போர்த்திக்கொண்டு மொட்டுவிட்டுப் பிரியும்போது, டெதரின் ஒரு முனையைச் செல்லின் சவ்விலும் மறு முனையைத் துகளின் சவ்விலும் ஊன்றி, கன்றைக் கட்டுத்தறியில் கட்டியதுபோல் பிடித்துவைக்கும். இன்டர்ஃபெரான் வந்தால் இதன் அளவு கூடும். பூனையின் டெதரின் மற்ற விலங்குகளுடையதைவிட செல்லுக்குள் இருக்கும் முனையில் குட்டையானது. ஆனாலும் துகள்களை நன்றாகவே பிடித்துவைக்கிறது.

எஃப்ஐவி இதற்கு எதிராக, துகளின் மேல்பரப்பில் இருக்கும் தன் உறைப் புரதத்தையே பயன்படுத்துகிறது. தவிர, துகள் வெளியே போகாவிட்டாலும் பக்கத்து செல்லோடு ஒட்டி நிற்கும்போது நேராகக் கடந்துவிடலாமே! செல் வளர்ப்புகளில் டெதரின் துகள் வெளியேறுவதைக் குறைத்தது; தொற்று செல்லிலிருந்து செல்லுக்குப் பரவுவதை நிறுத்தவில்லை. வாசலைப் பூட்டினால் சுவர் வழியே போகிறது.

சாம்ஹெச்டி1 என்று இன்னொன்றும் உண்டு. பிரியாமல் ஓய்ந்திருக்கும் செல்களில் டிஎன்ஏ எழுதத் தேவையான மூலப்பொருளைக் குறைத்துவைப்பது அதன் வேலை. எழுத மை இல்லாமல் வைரஸ் தவிக்கும்.

பூனையின் மரபணுவுக்குள்ளேயே வைரஸ் இருக்கிறதாமே? அது ஆபத்தா, பாதுகாப்பா?

இரண்டும். எந்தப் புரதம், எந்த வைரஸ் என்பதைப் பொறுத்தது.

ரெட்ரோவைரஸ் எப்போதாவது விந்தணுவிலோ கருமுட்டையிலோ செருகிக்கொண்டால் அது பிள்ளை, பேரப்பிள்ளை என்று பரம்பரையாக இறங்கும். பூனையின் முன்னோர்களுக்கு இது பலமுறை நடந்திருக்கிறது. ஃபெல்வியின் உறவினர் ஒன்று அப்படி இறங்கி, இன்று வீட்டுப் பூனையின் ஒரு தொகுதிக் குரோமோசோம்களில் சுமார் 8 முதல் 12 பிரதிகளாக இருக்கிறது. இவை தாமாகத் தொற்றும் வைரஸை உண்டாக்குவதில்லை. வீட்டுப் பூனையிலும் அதன் நெருங்கிய சிறு காட்டுப் பூனைகளிலும் மட்டுமே இவை உண்டு. பூமாவில் இல்லை, சிங்கத்தில் இல்லை.

ஆபத்து எப்படி வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து தொற்றும் ஃபெல்வி-ஏ, இந்தப் பழைய துண்டுகளோடு மரபணுவைக் கலந்துகொண்டால் ஃபெல்வி-பி பிறக்கிறது. அது வேறொரு ஏற்பி (வைரஸ் பற்றிக்கொண்டு நுழையும், செல்லின் மேல்பரப்புப் புரதம்) வழியாக நுழைய வல்லது. அதாவது ஃபெல்வி-பி ஒரு பூனையின் உடம்புக்குள்ளேயே புதிதாக உருவாகக்கூடியது.

இனி பாதுகாப்பு. அதே பழைய துண்டுகளில் ஒன்று, பாதியில் முறிந்த உறைப் புரதத்தைச் சுரக்கிறது. முறிந்த சாவி சாவித்துளையில் மாட்டிக்கொண்டால் நல்ல சாவியும் நுழையாது அல்லவா? அப்படித்தான். அந்தத் துண்டுப் புரதம் ஏற்பியை அடைத்துக்கொண்டு ஃபெல்வி-பியைத் தடுக்கிறது. ஆனால் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது: ஃபெல்வி-டி என்ற, டி-செல்களைத் தாக்கி நோயெதிர்ப்பைக் குலைக்கும் வகைக்கு, இதையொத்த துண்டுப் புரதம் கூடமாட இருந்தால்தான் செல்லுக்குள் நுழையவே முடிகிறது. ஃபெலிக்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒருவனுக்கு மூடும் கதவை மற்றவனுக்குத் திறந்துவிடும் காவலாளி.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-இல் விவரித்த ரெஃப்ரெக்ஸ்-1 இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. இஆர்வி-டிசி என்ற மற்றொரு பழைய வைரஸ் குடும்பத்தின் முறிந்த உறைப் புரதம் அது. செல்கள் அதை வெளியே சுரக்கின்றன. அந்தக் குடும்பத்தின் உயிர்ப்புள்ள வைரஸ்களையும், அவற்றின் உறையைக் கடன் வாங்கிக்கொண்ட ஃபெல்வியின் ஒரு வகையையும் அது தடுக்கிறது. ஃபெல்வி-ஏவை அது தடுப்பதில்லை.

மேலே சொன்ன பரம்பரைப் பிரதிகளின் எண்ணிக்கைக்கும் நோயின் போக்குக்கும் தொடர்பு தெரிகிறது. இயற்கையாக ஃபெல்வி பரவிய ஒரு பூனைக் கூட்டத்தில், பழைய ஃபெல்வித் துண்டுகள் அதிகம் கொண்ட பூனைகள் நோயை மேலாகச் சமாளித்தன. இத்துண்டுகளே இல்லாத பூமாவின் செல்களில் ஃபெல்வி, வீட்டுப் பூனையின் செல்களைவிட எளிதாகப் பெருகியது. 2000-களின் தொடக்கத்தில் ஃப்ளோரிடா பாந்தர்களிடையே ஃபெல்வி புகுந்து உயிர்களைக் குடித்தது நினைவுக்கு வருகிறது. அவை பூமாக்கள்.

குட்டிகளுக்கு ஏன் ஃபெல்வி இவ்வளவு மோசமாக வருகிறது?

விழுங்கும் செல்கள் ஒரு காரணம். வைரஸ் வாய், மூக்கு வழியே நுழைந்து தொண்டைப் பகுதியின் நிணத் திசுவில் முதலில் தங்குகிறது. அங்கே மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் செல்கள் அதை விழுங்கிச் செரித்தால் கதை முடிந்தது. அவற்றுக்குள்ளேயே அது பெருகினால் அவையே அதை எலும்பு மஜ்ஜைவரை சுமந்துபோகும். குட்டிகளின் மேக்ரோஃபேஜ்களில் ஃபெல்வி எளிதில் பெருகுகிறது என்றும், வளர்ந்த பூனைகளுடையவை நன்றாகத் தாக்குப்பிடிக்கின்றன என்றும் 1980-களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டார்கள். சுமார் 4 மாதத்துக்கு உட்பட்ட குட்டிகள்தான் மிகவும் அபாயத்தில் இருப்பவை. வயதோடு வரும் இந்தத் தாக்குப்பிடிப்பு முழுக் காப்பு இல்லை. வளர்ந்த பூனையும் நோயுற்ற பூனையோடு நெடுநாள் ஒரே தட்டில் தின்று ஒன்றையொன்று நக்கி வாழ்ந்தால் தொற்று பிடிக்கலாம். தடுப்பூசி அதனால்தான் முக்கியம்.

பூனையின் உடம்பு இந்த வைரஸ்களை முழுவதும் வெளியேற்றிவிட முடியுமா?

ஃபெல்வியில் முடிவுகள் பலவிதம். சில பூனைகள் வைரஸ் ரத்தத்தில் பரவுமுன்னே அடக்கிவிடுகின்றன. பிறகு எதிர்ப்புரதம் மட்டுமே சாட்சியாக இருக்கும். சில பூனைகளில் வைரஸ் சில வாரங்கள் ரத்தத்தில் தென்பட்டு அடங்கிவிடும், ஆனால் அதன் டிஎன்ஏ மஜ்ஜையில் உறங்கும். ரத்தத்தில் ஆன்டிஜன் (வைரஸின் புரதம்) இல்லை, மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையில் மட்டும் பாசிட்டிவ் என்று அறிக்கை வருவது இந்த நிலையில்தான். மூன்றாவது வகைப் பூனைகளில் வைரஸ் அடங்குவதேயில்லை. ரத்தசோகை, லிம்ஃபோமா, மற்ற தொற்றுகள் என்று ஆயுள் சுருங்குகிறது. முதல் சில வாரங்களில் இயல்பு நோயெதிர்ப்பு வைரஸின் பெருக்கத்தை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பது இங்கே பெரிய விஷயம். அந்த அவகாசத்தில்தான் டி-செல்களும் எதிர்ப்புரதங்களும் தயாராக வேண்டும்.

எஃப்ஐவி அப்படியில்லை. பிடித்தால் ஆயுள் முழுக்க இருக்கும். ஆனால் பல ஆண்டுகள் அமைதியாக இருக்கும்.

இன்டர்ஃபெரான் ஊசி போடலாமா?

பூனையின் இன்டர்ஃபெரான்-ஒமேகா சில நாடுகளில் மருந்தாகவே உரிமம் பெற்றிருக்கிறது. அதைப் பட்டுப்புழுக்களைக் கொண்டு தயாரிக்கிறார்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஃபெல்வி உள்ள பூனைகளில் நோய்க்குறிகளும் இறப்பும் குறைந்ததாக ஆய்வு உண்டு. வைரஸை ஒழிக்கும் மருந்தாக அதை எண்ண வேண்டாம். மனித இன்டர்ஃபெரான்-ஆல்ஃபாவையும் சிலர் தருகிறார்கள். ஊசியாகக் கொடுத்தால் சில வாரங்களில் பூனையின் உடம்பு அதற்கே எதிர்ப்புரதம் உண்டாக்கி அதைச் செயலற்றதாக்கிவிடும். உங்கள் பூனைக்கு வேண்டுமா என்பதை அதன் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

"எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" பொடி, துளி மருந்துகள்?

மேலே படித்ததை நினைத்துப் பாருங்கள். விஃப் கட்டிப்போட்ட ஏபோபெக்3-ஐ எந்தப் பொடியும் அவிழ்த்துவிடாது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குமுன் முறிந்த டிரிம்5-ஐ எந்தத் துளியும் ஒட்டிவைக்காது. அது மட்டுமில்லை: எஃப்ஐவி நுழையும் சிடி134 என்ற ஏற்பி, விழிப்பூட்டப்பட்ட டி-செல்களில்தான் மிகுதியாக இருக்கும். நோயெதிர்ப்பைக் கண்மூடித்தனமாகத் தூண்டுவது இந்த வைரஸுக்கு இலக்கு செல்களைப் பெருக்கித் தருவதாகவும் ஆகலாம். அந்தப் பணத்தைப் பல் சுத்தம் செய்யவும் ரத்தப் பரிசோதனைக்கும் செலவழியுங்கள் என்று மனதாரச் சொல்கிறேன்.

பூனையிடமிருந்து எனக்கு எஃப்ஐவி வருமா?

வராது. அது எச்ஐவியின் உறவினர், ஆனால் பூனையினத்தைத் தாண்டி மனிதரைத் தொற்றுவதில்லை. நம் டிரிம்5-ஆல்ஃபா உடையாமல் இருப்பதும், அது எஃப்ஐவியைத் தடுக்கக்கூடியது என்பதும் அதற்குள்ள பல தடைகளில் ஒன்று. ஃபெல்வியும் மனிதருக்கு நோய் தருவதாக அறியப்படவில்லை.

ஒரே சண்டையில் கடிபட்ட இரண்டு பூனைகளில் ஒன்றுக்கு மட்டும் எஃப்ஐவி வந்தது. ஏன்?

கடியின் ஆழம், கடித்த பூனையின் எச்சிலில் அன்றைக்கு இருந்த வைரஸ் அளவு, வைரஸின் வகை, கடிபட்டதன் வயது, அதன் ஏபோபெக்3-இன் வடிவம் என எல்லாம் சேர்ந்து தீர்மானிப்பது அது. இதில் உங்கள் தவறு என்று எதையும் தேட வேண்டாம். இரண்டாவது பூனைக்கும் கடிபட்டு 60 நாள் கழிந்தபின் ஒருமுறை பரிசோதனை செய்துவிடுங்கள். அதற்குமுன் வரும் நெகட்டிவை நம்ப முடியாது. 6 மாதத்துக்கு உட்பட்ட குட்டியில் வரும் பாசிட்டிவும் அப்படியே, தாயின் எதிர்ப்புரதமாக இருக்கலாம், பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

பாசிட்டிவ் ஆன என் பூனையின் இயல்பு நோயெதிர்ப்புக்கு நான் செய்யக்கூடியது என்ன?

வேறு எதிரிகளை அதன் வாசலுக்கு வராமல் பார்த்துக்கொள்வது. கருத்தடை செய்யுங்கள், சண்டை குறையும். வீட்டுக்குள் வையுங்கள். பச்சை இறைச்சி வேண்டாம். உண்ணி, குடற்புழு மருந்துகள் தவறாமல். ஈறு சிவந்திருக்கிறதா, எடை குறைகிறதா என்று பாருங்கள். 6 மாதத்துக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் காட்டுங்கள். எஃப்ஐவி உள்ள பூனைகள் பல, வைரஸ் இல்லாத பூனைகளின் வயதுக்கு நிகராகவே வாழ்ந்து, வேறு ஏதோ முதுமைக் காரணத்தால் இறக்கின்றன.